ராஜா மகளின் மௌனம்

வானொலியில் ஒரு பேராசிரியர் பழைய ஆங்கில நாடகம் ஒன்றை அலசிக்கொண்டிருந்தார். அதில் 'என்மேல் உனக்கு எவ்வளவு அன்பு?' என்று கேட்கும் தகப்பன் முன்னால் ஓர் இளவரசி வாய் திறக்காமல் நிற்கிறாள். அதைக் கேட்டதும் எனக்கு நாங்கள் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், அக்காவைப் பெண் கேட்டு வந்த அன்று வீசிய வெற்றிலை வாசனை வந்துவிட்டது.

அப்பா ரயில்வே குமாஸ்தா. ஞாயிறுதோறும் நண்பர்களைக் கூட்டி வைத்து அதே நாடகத்தைத்தான் அலசுவார். "அவ மௌனம் மறுப்புய்யா! அது அந்த மடைய ராஜாவுக்குப் புரியல" என்று மேசையைத் தட்டுவார்.

அக்காவுக்குப் பதினாறு வயதில், கிள்ளானிலிருந்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர், அப்பா வயது. "சம்மதமாம்மா?" என்று அப்பா கேட்டார். அக்கா தரையைப் பார்த்தபடி நின்றாள். "பேசாம இருந்தா சம்மதம்தானே" என்று வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் தலையாட்டிவிட்டுத் தாம்பூலத் தட்டுக்குக் கை நீட்டினார்.

"ராஜா மக பேசலன்னா மறுப்பு, நான் பேசலன்னா சம்மதமாப்பா?"

அக்காதான் கேட்டாள். கிராணியின் அண்ணன் தட்டை இன்னும் முன்னால் நீட்டினார். அப்பாவின் கை மெல்ல மடிக்குத் திரும்பியது. வந்தவர்கள் தட்டோடு எழுந்து போனார்கள்.

"அவள் மௌனம் வெறும் கர்வம்" என்று வானொலியில் பேராசிரியர் முடித்தார்.

பக்கத்தில் இருந்த அக்கா பொக்கை வாயால் சிரித்தாள். "இவரு கையிலயும் ஒரு தாம்பூலத் தட்டைக் கொடுத்துட்டுக் கேக்கணும்லா, அவ ஏன் பேசலன்னு."