குழாயை அடைத்த வலை

எங்கள் நெட்டுக்குப்பத்தில் மழைத்தண்ணீர் வடியட்டும் என்று தெருக்கோடியில் ஒரு பெரிய குழாய் போட்டிருந்தார்கள். அது கொசஸ்தலை ஆற்றில் போய் முடியும். ஆறு எப்போதும் சும்மா கிடக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அமாவாசை வந்தால் கடல் பொங்கி, அந்த ஓதம் ஆற்றில் ஏறும், ஆறு குழாயில் ஏறும், தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். இப்போது ஓதத்துக்குத் தானே மூடிக்கொள்ளும் கதவு வைத்துவிட்டார்கள். நான் சொல்வது அதற்கு முந்திய கதை.

நான் ஐந்தாவது படித்த வருடம், கார்த்திகை அமாவாசையன்று ஓதத்தோடு மழையும் சேர்ந்துகொண்டது. எதிர்வீட்டு அக்காவுக்குப் பிள்ளை பிறந்து ஒன்பதே நாள். தாயும் பிள்ளையும் படுத்திருந்த கட்டிலின் கால்கள் பாதி முழுகிவிட்டன. வேறு வீட்டுக்குத் தூக்கிப்போகலாம் என்றால் எல்லார் வீட்டிலும் அதே கதிதான். தெருப்பக்கக் குழாய் வாயில் மணல் மூட்டைகளைத் திணித்தார்கள். ஓதம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே தள்ளியது.

அப்பா வீட்டுக்குள் போய் வலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, இரண்டே தடவைதான் கடலுக்குப் போயிருந்தது. அம்மா வாசலை மறித்தாள்.

“யோவ், இன்னா பண்றே? பழசு ஒண்ணு கிழிஞ்சி கீதே.”

“பழசு தாங்காதுமே. கொயந்த தண்ணில கீது, வயி வுடு.”

மூட்டைகளை வலைக்குள் போட்டுச் சுருட்டி, உருண்டையாக்கிக் குழாயில் அடைத்து, குறுக்கே சவுக்குக் கட்டை கொடுத்துக் கட்டினார். கட்டில் பக்கம் தண்ணீர் ஏறுவது நின்றுபோனது. தெருவே அப்பாவைப் பார்த்தது. நான் யார் மகள் என்று தெரியாதவர்களுக்கும் தெரியட்டும் என்று அவர் பக்கத்தில் போய் ஒட்டி நின்றுகொண்டேன்.

அப்பா ஒன்றை யோசிக்கவில்லை. மத்தியானம் ஓதம் வற்றியது. இனி தெருவில் நின்ற தண்ணீர் வெளியே போக வேண்டும், அடைப்பை எடுத்தால்தான் போகும். அவர் போட்டிருந்ததோ கடலில் போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். தெருத்தண்ணீர் வேறு உருண்டையைக் குழாய்க்குள் அழுத்தியது. நாலு பேர் பிடித்து இழுத்தும் அசையவில்லை. ராத்திரி அடுத்த ஓதம் வந்துவிடும்.

அம்மாதான் மீன் வெட்டுகிற கத்தியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“அறுத்துடுய்யா” என்றாள்.

அப்பா அதை வாங்கி, வேறு யாரையும் தொடவிடாமல் தானே அறுத்தார். துண்டு துண்டாக வலை வெளியே வந்தது, மூட்டைகள் வந்தன, சாயங்காலத்துக்குள் தெரு வடிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா பிள்ளையைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து வகுப்பில் என் வாய் ஓயவில்லை. அந்தச் சமயம் பார்த்து அப்பாவும் விடியற்காலையில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், இன்றைக்கு ஒரு படகு, நாளைக்கு ஒரு படகு என்று ஏற ஆரம்பித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓதத்தையே நிறுத்தியவர் என்று கேள்விப்பட்டு, ஒவ்வொரு படகுக்காரரும் அப்பாவைத் தங்கள் படகுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன். சொந்த வலை போனவர்தான் அப்படி அடுத்தவர் படகில் கூலிக்கு ஏறுவார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் உரக்கச் சொல்லியிருப்பேன்.