சாம்பிராணியின் மேல் போட்ட பழி

சுகன்யாவுக்கு மூச்சு முட்டியது என்னால்தான். பழியை அவளுடைய அம்மாவின் தலையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துகொண்டேன். இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

துடியலூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பெண் சுகன்யாவின் உதட்டோரத்திலும் கழுத்திலும் வெண்புள்ளிகள் உண்டு. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்ததுதான். “போட்டோவுல மட்டும் தெரியாம பண்ணிப்போடுங்க அம்மணி” என்றார் அவள் அம்மா.

வெயிலே படாமல் தோலைப் பழுப்பாக்கும் லோஷன் இருக்கிறது. பஞ்சால் தொட்டுத் தொட்டுப் பூச வேண்டும். பூசினால் விடிவதற்குள் நிறம் ஏறிவிடும். முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, பெண்ணை உட்காரவைத்துச் செய்யும் சீருக்கு நேரமாகியிருந்தது. பொறுமையில்லை எனக்கு! அதே மருந்தின் ஸ்பிரேயை எடுத்தேன்.

உள்ளிழுக்கக் கூடாது, மூக்கையும் வாயையும் மூட வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. நான் படித்திருந்தேன்!

“எனக்கு வீசிங் இருக்குதுங்க அக்கா. இது ஒண்ணும் பண்ணாதுங்களா?”

“சக்கரையில இருந்து எடுக்கறதுதான் கண்ணு. ஆடாம உக்காரு.”

சொன்னதில் பொய்யில்லை. தோலின் மேல் பூசினால் பெரிய கெடுதலில்லை. நுரையீரலுக்குள் போனால்? ஏசிக்காகக் கதவைச் சாத்திய அறையில், உதட்டோரத்திலேயே அடித்தேன். இருமினாள். இன்னொரு முறை அடித்தேன்...

சீருக்கு உட்கார்ந்தவள் மூச்சுக்குத் தவித்தாள். ஆஸ்பத்திரிக்கு நானும் ஓடினேன்.

“புகை, ஸ்பிரே ஏதாவது பட்டுச்சா?” என்று டாக்டர் கேட்டார்.

“தலைக்குக் குளிச்சதும் அம்மா சாம்பிராணி போட்டாங்க சார்.”

என் வாய்தான் சொன்னது. “எம்புள்ளைக்கு நானே எமனாயிட்டனே” என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

சுகன்யா பிழைத்தாள். கல்யாணமும் நடந்தது. இப்போது வளைகாப்பு. நேற்று அவள் அம்மா போன் செய்தார்.

“நீங்களே வந்து அதே கலரப் போட்டு உடுங்க அம்மணி. உங்களுது ராசியான கை. சாம்பிராணிய மட்டும் நான் ஊட்டுக்குள்ளயே சேர்த்தறதில்லைங்க.”

வயிற்றில் பிள்ளை இருக்கிறது, டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. கேட்கப் போனால் அன்று என்ன அடித்தார்கள் என்ற கேள்வியும் வருமே...

“வாரேனுங்க” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஸ்பிரேயைக் குப்பையில் போட்டாயிற்று. பையில் லோஷனும் பஞ்சும்தான் இருக்கின்றன. அந்த அம்மா இன்னும் சாம்பிராணி வாசனை வந்தால் எழுந்து போய்விடுகிறாராம்.