கம்பெனியின் சென்டிமென்ட்

அட்டைப் பெட்டி செய்யும் கம்பெனியில் அவளுக்குப் பெருக்கும் வேலை. பட்டம் மட்டும் பெரியது. முதலாளி முதல் மூட்டை தூக்குபவர்வரை எல்லோருக்கும் அவள் சென்டிமென்ட் அக்கா.

அந்தப் பட்டம் ஒரு வசவிலிருந்து வந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று, வெட்டும் மிஷினைத் துடைக்கப் போனவள் துணியோடு சேர்த்துப் பச்சை சுவிட்சையும் அழுத்திவிட்டாள். மிஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

"யாரக் கேட்டு அதுல கை வெச்ச? கண்ண எங்க வெச்சிருக்க?" என்று முதலாளி பிடித்துக்கொண்டார். அவர் திட்டி முடிப்பதற்குள் போன் அடித்தது. பெரிய ஆர்டர். பேசிவிட்டுத் திரும்பியவரின் குரல் தேன் தடவியது போல் இருந்தது. "நாளைக்கும் நீயே போடும்மா."

அதன்பிறகு காலையில் அவள் கை பட்டால்தான் மிஷின் ஓடும். மிஷின்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "வாங்க டாக்டரம்மா, வந்து உயிர் குடுங்க. நான் வெறும் கம்பவுண்டர்" என்பார்.

முதலாளி மறந்தும் இதை ராசி என்று சொல்லமாட்டார். "ராசி கீசி எல்லாம் படிக்காதவங்க பேச்சு. எனக்கு அதுல நம்பிக்கையே கிடையாது. இது சும்மா ஒரு சென்டிமென்ட்" என்பார். ராசி பார்த்தால் பட்டிக்காட்டான், சென்டிமென்ட் பார்த்தால் தொழிலதிபர் என்பது அவருடைய கணக்கு.

ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றதைத் தெருவே எட்டிப் பார்த்தது. போர்வையும் நடுக்கமுமாகக் கூட்டிப்போய் சுவிட்சைப் போடவைத்தார்கள். "வீட்டுக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடும்மா. உடம்புதான் முக்கியம்" என்றார் முதலாளி. திரும்பிப் போகக் கார் இல்லை. அதற்கு வேறு வேலை வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தாள்.

நாளாக ஆக முழங்கால்கள் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. குனிந்தால் நிமிர முடியவில்லை. கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான், பசை மேசை. அட்டையின் விளிம்பில் பசை தடவி, மடித்து, அழுத்திப் பிடிக்க வேண்டும். அங்கே இருந்த அம்மாள் வேலையை விட்டு மகனோடு இருக்கப் போனதும் ஸ்டூல் காலியானது. அந்த ஸ்டூல் கிடைக்காவிட்டால் தன்னால் இனி வேலைக்கே வரமுடியாது என்று அவளுக்குத் தெரியும். வேலை இல்லாவிட்டால் வாடகை இல்லை. எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போய் நின்றாள்.

"மொதலாளி, அந்தப் பசை டேபிள் வேலைய எனக்குக் குடுத்தீங்கன்னா..."

"என்னம்மா இது!" அவர் நிஜமாகவே பதறிப்போனார். "உன்னப் போயி அங்க உக்கார வெப்பேனா? நீ இந்தக் கம்பெனியோட சென்டிமென்ட். இருக்கிற எடத்துல இரு. எதையும் மாத்தக்கூடாது."

ஸ்டூல் மேனேஜரின் மச்சினிக்குப் போனது. அந்தப் பெண் தினமும் எல்லோருக்கும் பிறகு நிதானமாக வருவாள்.

அன்று சாயங்காலம் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள், அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டபடி கோபப்பட்டாள். "இங்கிலீஷ்ல சென்டிமென்டுக்கு அர்த்தமே வேறம்மா. பாசம், மனசு இளகுறது, அந்த மாதிரி. சினிமாவுல அம்மா சென்டிமென்ட்னு சொல்றாங்கல்ல, அதான் அசலுக்குக் கிட்ட வரும்."

"நெசமாவா?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நம்ம கம்பெனிக்கு வர்ற வழியில பாசத்த மட்டும் எங்கயோ எறக்கி விட்டுட்டாங்க போல."

அதற்கப்புறம் ஆர்டர்கள் குறைந்தன. முதலாளி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் மிஷினுக்குமாக நடந்தார். சுவிட்சை இன்னும் அழுத்திப் போடச் சொன்னார். மெதுவாகப் போடச் சொன்னார். ஒருநாள் காலையில், பெருக்கிக்கொண்டு போனவளுக்குப் பசை மேசைக்குப் பக்கத்தில் கால் மடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மணியாச்சு, சுவிட்சப் போடாம அங்க என்ன..." என்று முதலாளி வாயைத் திறந்தபோது போன் அடித்தது. பழைய வாடிக்கையாளர். ஆறு மாதத்துக்கு வேண்டிய பெட்டிகள்.

வலியோடு அவள் எழப் பார்த்தாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு முதலாளி கத்தினார். "எந்திரிக்காதம்மா! அப்படியே இரு!"

பேசி முடித்து அவர் பக்கத்தில் வந்தார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். வாய்திறந்து பேசுகிறவளில்லை அவள். ஆனால் இத்தனை வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நான் எந்திரிச்சுப் போயிப் பெருக்கட்டுமா மொதலாளி?" என்று மிகவும் பணிவாகக் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் இல்ல. ஆர்டர் வந்த நேரத்துல உக்காந்திருந்தேனேன்னுதான் யோசனையா இருக்கு."

முதலாளி துடைப்பத்தைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், போனைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம், வேணாம். சுவிட்ச மட்டும் வந்து போட்டுட்டு, மறுபடி அங்கயே உக்காந்துக்க. அந்தப் பசையையும் தடவு, சும்மா எதுக்கு உக்காரணும்."

மிஷின்காரர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு இருமினார். அந்த இருமல் வெகுநேரம் நிற்கவில்லை. பிறகு நிதானமாக வந்து சேர்ந்த மச்சினியின் கையில் மேனேஜரே துடைப்பத்தைக் கொடுக்கவேண்டி வந்தது.

மாதக் கடைசியில் சம்பளம் வாங்கும்போது, பசை மேசை வேலைக்குச் சம்பளம் கொஞ்சம் கூடுதலாயிற்றே என்று அவள் தயங்கித் தயங்கி நினைவுபடுத்தினாள்.

முதலாளி காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "அதுல மட்டும் கை வெக்கச் சொல்லாதம்மா. இந்தச் சம்பளத்துல நீ உக்காந்தப்பதானே ஆர்டர் வந்துச்சு?"