இலக்கம் குத்தாத வெள்ளுடுப்புகள்

எங்கள் மூத்த சகோதரர் எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகின்றது. அவரது ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படும் திருப்பலிக்கு வருகை தந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இம்மலரைப் பணிவுடன் கையளிக்கின்றோம்.

அண்ணர் மன்னார்க் கரையோரக் கிராமம் ஒன்றில் தலைமகனாகப் பிறந்தார். தகப்பனாரைக் கடல் கொண்டுபோனபோது அவருக்கு மீசை அரும்பியிருக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டுச் சுமை அவருடையதாயிற்று. யுத்தம் எங்களை இடம்பெயர்த்தபின் மொன்றியல் வந்துசேர்ந்து, டவுன்டவுனில் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ் அறையில் படுக்கை விரிப்புகள் தோய்க்கும் வேலையில் அமர்ந்தார். "வெளியிலை பனி கொட்டினாலும் எனக்கு வருசம் முழுக்க மன்னார் வெயில்தான்" என்று சிரிப்பார்.

பின்னர் சென்ட் லோரன்டில் ஒரு லோண்டரிக் கடை விற்பனைக்கு வந்தபோது, அண்ணரும் அண்ணியாரும் நானுமாக அதனைப் பொறுப்பேற்றோம். உறவினர் சிலர் முகம் சுளித்தனர்.

"கனடா போயும் ஊராற்றை உடுப்புத் தோய்க்கிறியளோ?" என்று ஒரு பெரியவர் தொலைபேசியில் கேட்டார்.

"ஓம் ஐயா. உங்கட வேட்டியையும் அனுப்பிவிடுங்கோ, வெளுத்துத் தாறன்" என்றார் அண்ணர்.

எங்கள் பங்குக் கோயிலில் ஒவ்வொரு வசந்தகாலத்திலும் பிள்ளைகள் முதல் நன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை, பெறுவர். ஒரே ஒரு நாள் அணியும் வெள்ளுடுப்பை வாங்குவது புதிதாக வந்த குடும்பங்களுக்குப் பெரும் பாரமாக இருந்தது. இதனைக் கண்ட அண்ணியார், வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் உடுப்புகளைக் கேட்டு வாங்கி, அளவு திருத்தித் தைத்து, இல்லாதவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். "எங்களிட்டை இருக்கிறது தண்ணியும் சோப்பும் அயன் பெட்டியும். அதாலை என்ன ஏலுமோ அதைச் செய்வம்" என்பது அண்ணரின் கருத்து. அயலில் சலூன் நடத்திய மட்டக்களப்புக் குடும்பத்தாரும் இதைப் பார்த்து, நன்மை வாங்கும் பையன்களுக்கு இலவசமாக முடி வெட்டிவிட முன்வந்தனர்.

அண்ணர் இதில் ஒரு ஒழுங்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். வாடிக்கையாளரின் உடுப்புக்கெல்லாம் கழுத்தடியில் இலக்கத் துண்டு குத்துவோம். இரவல் உடுப்புகளுக்கு மாத்திரம் குத்துவதில்லை. அத்துண்டைக் கண்டால் தான் அணிந்திருப்பது இரவல் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

அந்த நல்லெண்ணமே ஓர் ஆண்டு எங்களைச் சங்கடத்தில் மாட்டிவிட்டது. மறுநாள் முதல் நன்மை. சனிக்கிழமை மத்தியானம் ரொக்ஸ்பரோப் பகுதியிலிருந்து ஒரு தாயார் தம் மகளின் உடுப்பை எடுத்துப்போக வந்தார். இலண்டனிலுள்ள மாமியார் தைத்து அனுப்பிய அழகான உடுப்பு அது. கடை முழுவதும் தேடினோம். இறுதியில், கழன்று விழுந்து கிடந்த இலக்கத் துண்டை அண்ணியார் நிலத்திலிருந்து எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, நேற்று நீங்கள் குடுத்துவிட்டது இவவின்ரை உடுப்பைத்தான்."

இலக்கம் இல்லாததால் இரவல் உடுப்பென்று எண்ணி, புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு அண்ணர் அதைக் கொடுத்திருந்தார்.

"ஆருக்குக் குடுத்தனீங்கள்? வீட்டைச் சொல்லுங்கோ, நானே போய் வாங்கிறன்" என்றார் அத்தாயார்.

"அது மட்டும் ஏலாது, தங்கச்சி."

"ஏலாதோ? என்ரை உடுப்பைத் தானம் பண்ணிப்போட்டு ஏலாதாம்! புண்ணியம் உங்களுக்கு, அழுகை என்ரை பிள்ளைக்கோ?"

"பிழை என்னிலைதான். பொலிசைக் கூப்பிடுங்கோ, கோயில்லை எல்லாருக்கும் சொல்லுங்கோ. ஆனா அந்தப் பிள்ளை நேற்றே போட்டுப் பாத்திட்டுதாம். கழட்டமாட்டன் எண்டு அதோடையே சாப்பிட இருந்ததாம். தாய் காலமை போன் பண்ணிச் சொன்னவ. கடையிலை வாங்கினதெண்டு பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறா. அதைக் கழட்டித் தா எண்டு கேக்க என்னாலை ஏலாது."

அத்தாயார் கோயிலில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் கடையின் பெயர் கெட்டிருக்கும். அதை அறிந்தும் அண்ணர் அசையவில்லை.

அண்ணியார் உள்ளே சென்று மீதமிருந்த வெள்ளுடுப்புகளைக் கொண்டுவந்து விரித்தார். "விரும்பினதை எடுங்கோ. இப்பவே அளவு பாத்துத் தைச்சுத் தாறன்."

"இரவல் உடுப்போ என்ரை பிள்ளைக்கு?" என்று கேட்டவாறே அத்தாயார் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். கழுத்தடியைப் புரட்டினார். அடுத்ததையும் புரட்டினார். "எது வாங்கினது, எது இரவல் எண்டு ஒரு அடையாளமும் இல்லையே!"

"அதுக்காகத்தான் குத்திறேல்லை" என்றார் அண்ணியார்.

அத்தாயார் ஓர் உடுப்பின் கையை விரலால் அளந்து பார்த்தார். "சரி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன். கை கொஞ்சம் நீட்டா வேணும்" என்றவர், வாசலில் திரும்பினார். "அண்ணை, என்ரை மனுசன்ரை கோட்டும் இஞ்சைதான் கிடக்குது. அதையும் ஆருக்கும் குடுத்துப்போடாதேங்கோ!"

"அவரின்ரை அளவுக்கு ஆள் கிடைக்காது, தங்கச்சி. பயப்பிடாதேங்கோ."

ஞாயிறன்று பிள்ளைகள் மெழுகுதிரி ஏந்திப் பவனி வந்தபோது, அண்ணர் கடைசி வரிசை வாங்கில் தலைகுனிந்தே இருந்தார். யார் எதை அணிந்திருக்கிறார் என்று பார்க்க அவர் விரும்பவில்லை. அத்தாயார் தம் உடுப்பைத் திருப்பிக் கேட்கவேயில்லை. அதற்கடுத்த வசந்தங்களில் அண்ணியாரின் அருகில் அமர்ந்து விளிம்பு தைத்தார். அவரது சம்மதத்துடனேயே இதனை எழுதுகின்றேன்.

சிறுநீரக நோய் முற்றியபின்னும் அண்ணர் மனநிறைவுடனேயே வாழ்ந்தார். வைத்தியசாலைக் கட்டிலிலிருந்து, "உடுப்பெல்லாம் ஆயத்தமோ?" என்று கேட்பார். குடும்பத்தார் சூழ்ந்திருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், செபமாலை சொல்ல வந்த பங்கு மக்களுக்கும், உணவு சமைத்து அனுப்பிய அயலவர்க்கும், கடையைத் தொடர்ந்து நடத்தும் அவரது பிள்ளைகளுக்குத் தோள்கொடுக்கும் அனைவர்க்கும் எங்கள் உளமார்ந்த நன்றி. வெள்ளுடுப்புகள் இவ்வாண்டும் ஆயத்தமாக உள்ளன. தேவைப்படுவோர் தயங்காது வரவேண்டும்.

அந்நிகழ்ச்சி நடந்த ஆண்டை வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. அந்தப் பிள்ளை யார் என்று எவரும் ஆராய வேண்டாம். எங்கள் பங்கில் முதல் நன்மை பெற்று இன்று வளர்ந்து நிற்கும் பெண் பிள்ளைகளே, உங்களில் பலர் இம்மலரை வாசிப்பீர்கள். அன்று உங்கள் தாயார் உங்களுக்கு அணிவித்த உடுப்பு உங்களுடையதே.

குடும்பத்தார் சார்பில்,
தம்பி