மழை வந்தால்தான் திறக்கும் புத்தகம்

தொலைக்காட்சியின் அடியில் ‘கனமழை காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று எழுத்து ஓடினால் என் மகன் துள்ளிக் குதிக்கிறான். எனக்கோ ஒரு தவளை நினைவுக்கு வருகிறது. படப் புத்தகம் ஒன்றின் அட்டையில் இருந்த தவளை அது. மூக்கு நுனியில் ஒரே ஒரு மழைத்துளி. அடுத்த துளி எப்போது விழும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டாயிரங்களின் நடுவில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் நான் யு.கே.ஜி. மிஸ். அந்தத் தவளையை வாங்கி வந்தவர் எல்.கே.ஜி. மிஸ். என் வயதுதான், பிடிவாதம் மட்டும் இரண்டு ஆள் அளவு. பள்ளியில் ஏற்கெனவே இருந்த படப் புத்தகங்களில் பருவம் என்றால் கொட்டும் பனியும் சிவந்து உதிரும் இலைகளும்தான். ஒரு பிள்ளை பனியைக் காட்டி, “யாரு மிஸ் இவ்ளோ இட்லி மாவைக் கொட்டினது?” என்று கேட்டது. அன்றே அவற்றை அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். “ஜன்னலுக்கு வெளிய இருக்கறது புத்தகத்துலயும் இருக்கணும் மிஸ். அப்பதான் அதுங்களுக்குப் புத்தகம் மேல ஆசை வரும்” என்பார்.

சனிக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு குரோம்பேட்டைக் கடைகளை அலசுவார். வெயிலுக்கு மாம்பழம் திருடும் அணில், ஆடிக் காற்றுக்குப் பறந்துபோகும் சட்டை, மார்கழிக்குக் கோலம் என்று தேடித் தேடிப் பிடிப்பார். கடைக்காரர் முறைக்க முறைக்க, நின்ற இடத்திலேயே உரக்க வாசித்துப் பார்ப்பார். நாக்கு தடுக்கினால் அந்தப் புத்தகம் வேண்டாம். எழுத்தில் சொல்லாத ஏதாவது ஒன்று படத்தில் ஒளிந்திருக்க வேண்டும், அதைப் பிள்ளையே கண்டுபிடித்துக் கத்த வேண்டும். நான் வெட்கத்தில் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பள்ளிக்கு மேலே மாடியில் குடியிருந்த கரஸ்பாண்டென்ட் சாருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர் கவலையிலும் நியாயம் இருந்தது. “தினம் அரை மணி கதை சொல்றீங்க. பிள்ளைக்கு எழுத வரலைன்னா டி.சி. வாங்கிட்டுப் போயிடுவாங்கம்மா. இதனால அதுங்களுக்கு என்ன வந்துச்சுன்னு மழை சீசன் முடியறதுக்குள்ள காட்டுங்க. இல்லன்னா பொங்கலுக்கு அப்புறம் அந்த அரை மணி கையெழுத்துக்குத்தான்” என்று சொல்லிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் மறுநாளே தவளைக் கதையை ஆரம்பித்திருப்பார்கள். எங்கள் ஆள் புத்தகத்தை ஜன்னலோரம் நிறுத்தி வைத்து, “மழை பெய்யும்போதுதான் திறப்பேன்” என்று பிள்ளைகளிடம் அறிவித்துவிட்டார். மழையோ ராத்திரியில் கொட்டியது, பள்ளி விட்ட பிறகு கொட்டியது. காலையில் கொட்டினால் லீவு விட்டுவிட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. “நம்ம ஊர்ல மழைன்னாலே லீவுதான் மிஸ். உங்க தவளை அட்டையிலயே கிழடாயிடும்” என்று கிண்டல் செய்தேன். உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். அந்த அரை மணி போனால் அவரும் போய்விடுவார் என்று தெரியும்.

பிள்ளைகளோ வானிலை அறிக்கை வாசிக்காத குறை. எழுதிக்கொண்டே இருக்கும், திடீரென்று ஒன்று, “மிஸ், மேகம் கறுத்துடுச்சு!” என்று கத்தும். மொத்த வகுப்பும் ஜன்னலுக்கு ஓடும். தவளைக்கு அடுத்து என்ன ஆகும் என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்கப் போகும் சாக்கில் அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

கார்த்திகையில் ஒரு காலை. அடைமழை, வழக்கம்போல் லீவு. லீவு பிள்ளைகளுக்குத்தான், மிஸ்கள் வந்து அரையாண்டு வினாத்தாள் எழுத வேண்டும். நாங்கள் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டை யாரோ தட்டினார்கள். போய்ப் பார்த்தால், ஆட்டோ ஓட்டும் ஒருவர், தோளில் எல்.கே.ஜி. மகள், இருவர் தலைக்கும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் ஷீட்.

“டி.வி.ல லீவுன்னு போட்டுகினு கீறான் மிஸ், இது கேக்கவே மாட்டேங்குது. ‘மழை வந்துச்சு, தவளை புக்கைத் திறப்பாங்க’ன்னு ஒரே அழுவை. பேஜாரா பூட்ச்சு!”

அவர் பேசி முடிப்பதற்குள் தெருமுனையில் இன்னொரு குடை. அதற்குப் பின்னால் ஒரு மஞ்சள் ரெயின்கோட். கணுக்கால் தண்ணீரில் அம்மாக்களை இழுத்துக்கொண்டு ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தன. லீவு நாளில் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று அழுத பிள்ளைகளை நான் அதுவரை கண்டதில்லை.

சத்தம் கேட்டு கரஸ்பாண்டென்ட் சார் குடையோடு இறங்கி வந்தார். “லீவு நாள்ல கிளாஸைத் திறக்கக் கூடாதும்மா, ரூல்ஸ்” என்றார். எல்.கே.ஜி. மிஸ் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, சாரின் ஸ்கூட்டர் நிற்கும் தகரக் கொட்டகையில் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். இடம் போதாமல் இரண்டு பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். அட்டையில் விரலை வைத்தவர் திறக்காமல் சாரையே பார்த்தார்.

சார் யாரையும் பார்க்கவில்லை. ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, தானே தள்ளிக்கொண்டு போய்க் கொட்டும் மழையில் நிறுத்தினார். திரும்பி வந்து அந்த இரண்டு பிள்ளைகளையும் உள்ளே நகர்த்திவிட்டார். தகரத்தில் மழை அறையும் சத்தத்துக்கு மேல், அதட்டுவதுபோல் சொன்னார்:

“சீக்கிரம் ஆரம்பிங்கம்மா. மழை விட்டுடப் போகுது!”