விகாரை முற்றத்தில் சித்தப்பா

இலங்கையில் அந்தப் புத்த விகாரை முற்றத்தில் எங்கள் பங்குச் சாமியார் இருந்தார், போர்டிங் வாத்தியார் இருந்தார், எட்டாம் வகுப்புப் பையன்கள் ஒன்பது பேர் இருந்தோம். அவ்வூர் விதானையும் வந்திருந்தார். நம் ஊர் மணியக்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டிலிருந்து என்னைத் தவிர யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் சித்தியும் குளத்தூருக்குப் பக்கத்தில் கடலைக் கொல்லையில் இருந்திருப்பார்கள். சித்தப்பா மட்டும் இருந்தார் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

அவர் இலங்கைக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. முதல் வருடம் யாரையோ வைத்து எழுதிய ஒரு கடிதம் வந்தது, பிறகு இல்லை. செத்துப்போனவருக்கான பூசையை வைத்துவிடலாம் என்று சித்தியின் அண்ணன்மார் வந்து வந்து சொன்னார்கள். சித்தி சம்மதிக்கவில்லை. அவருக்குப் பிள்ளையும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சாமியார் எங்களை இலங்கைக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். வேதக்காரப் பிள்ளைகள் பிற மதத்தாரையும் பார்த்துப் பழக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பங்கில் பாதிப்பேருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். புறப்படும் அன்று சித்தி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, அங்கிட்டு அவுகளைப் பாத்தேன்னா ஒண்ணும் கேக்காத. சித்தப்பான்னு கூப்புடு. திரும்பிப் பாத்தாகன்னு வந்து சொல்லு, போதும்."

தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, கொழும்பில் ஒரு பள்ளிவாசலையும் முருகன் கோயிலையும் பார்த்துவிட்டு, ஆறாம் நாள் கண்டிச் சாலையிலிருந்த அந்த விகாரைக்குப் போனோம். சாமியாரே குனிந்து தம் சப்பாத்துகளைக் கழற்றி வாசலில் வைத்தார். உள்ளே அமர்ந்திருந்த புத்தர், எங்கள் பக்கத்து வயல்களில் கிடக்கும் பழைய கற்சிலைகள் மாதிரியே இருந்தார். கண்டதும் அன்னவாசல் பையன் ஒருவன் என் காதில், "நம்ம வயக்காட்டு மொட்டைச்சாமிடா இது, நமக்கு முன்னாடியே கப்பலேறி வந்திருக்கு" என்றான். சிரித்ததற்கு வாத்தியார் எங்கள் இருவரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்.

வெளியே ஒருவர் உதிர்ந்த பூக்களைப் பெருக்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சாரம், மழித்த முகம். நான்கு வீச்சு வீசியதும் விளக்குமாற்றின் அடியை இடது உள்ளங்கையில் இரண்டு முறை குத்தி ஈர்க்குகளைச் சமன்படுத்திக்கொண்டார். எங்கள் களத்தில் அப்படிச் செய்கிற ஒரே ஆளை எனக்குத் தெரியும்.

"சித்தப்பா" என்றேன். அவர் திரும்பவில்லை. விளக்குமாறு மட்டும் ஒரு கணம் நின்று மறுபடி நகர்ந்தது. சித்திக்கு என்ன பதில் சொல்வேன் என்று பயம் வந்துவிட்டது. முற்றம் முழுக்கக் கேட்கும்படி, "சித்தப்பா, நாந்தான், கொளத்தூருலேருந்து வந்திருக்கேன்" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். திரும்பிய முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. சிங்களத்தில் ஏதோ முனகிவிட்டு மரங்களுக்குப் பின்னால் போய்விட்டார். என் தோளில் ஒரு கை விழுந்தது. விதானை. அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது.

"யாரு தம்பி அந்த ஆளு?"

"எங்க சித்தப்பாங்க."

"எப்ப வந்தது? கப்பல்லயா?"

"இல்லீங்க, தோணியில."

விதானை என் தலையைத் தடவிக்கொடுத்தார். கள்ளத்தோணி என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. காகிதம் இல்லாமல் அக்கரை போனவர்களை அங்கே பிடித்து அடைக்கிறார்கள் என்று வீட்டில் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. திரும்பும் வழியில் சாமியார் கேட்டார், தோணி என்று ஏன் சொன்னாய் என்று. பொய் சொல்லக்கூடாது என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து சித்தப்பாவைப் பிடித்து மண்டபம் முகாமில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அப்பா போய்க் கூட்டிவந்தார். கோயிலில் நன்றிப் பூசை வைத்தோம். சித்தியின் முகத்தை அந்த ஒரு வாரம் பார்த்திருக்க வேண்டும். சித்தப்பாவோ போட்டதைச் சாப்பிட்டார், சொன்ன வேலையைச் செய்தார், மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னிடம் ஒரே ஒரு முறை பேசினார். "நல்லா சத்தமாத்தான் கூப்புட்ட" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு போர்டிங் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

கோடை விடுமுறையில் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. விகாரையின் இளம் பிக்கு எழுதியது. இங்கிலீஷில் இருந்தது. சித்தப்பா கொல்லைக்குப் போயிருந்தார். சித்தி கடிதத்தை என் கையில் கொடுத்து, "படி தம்பி, நீ படிச்சவன்" என்றார். அப்பா, அம்மா, பக்கத்து வீட்டார் எல்லாரும் கூடிவிட்டார்கள். நின்றுகொண்டு, வாத்தியார் மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். நலம், நலமறிய ஆவல். முற்றத்தைப் பெருக்க வேறு ஆள் வைத்திருக்கிறோம். உங்கள் மனைவியும் மகளும் நீங்கள் எப்போது வருவீர்கள் என்று தினமும் வந்து கேட்கிறார்கள்.

பிக்கு ஏதோ குழப்பிக்கொண்டார் என்று தோன்றியது எனக்கு. "நம்ம சித்திக்குப் புள்ள இல்லேன்னு அவருக்குத் தெரியாது போல" என்று விளக்கமும் சொன்னேன்.

சித்தி மட்டும் கேட்டார். "அந்தப் புள்ளைக்குப் பேரு போட்டிருக்கா?"

"பேரு இல்ல சித்தி. வயசு இருக்கு. மூணு."

"மூணா" என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். வீட்டில் தண்ணீர் நிறைய இருந்தது. அதையும் நான்தான் அவருக்குப் பின்னால் கத்திச் சொன்னேன்.

அடுத்த மாதம் சித்தப்பா மறுபடி காணாமல் போனார். அதே வாரம், சித்தி தாய்வீட்டிலிருந்து ஓட்டிவந்த பசுவும் கொட்டிலில் இல்லை. காலையில் பால் இல்லையென்று நான்தான் வீட்டில் பெரிய சண்டை போட்டேன். சித்தி கருப்பட்டித் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார்.

அன்னவாசல் சந்தைக்கு அந்தப் பசுவை ஓட்டிப்போனது யார், விற்ற பணத்தைச் சித்தப்பாவின் மடியில் வைத்தது யார் என்பதெல்லாம் காலேஜுக்குப் போன பிறகுதான் அம்மா சொல்லித் தெரிந்தது. கோட்டைப்பட்டினத்துத் தோணிக்காரர் அக்கரைக்குக் கொண்டுபோக அந்தத் தடவை கேட்ட கூலி நூற்றுப் பத்து ரூபாய்.