சீனிக் கச்சானும் சிவப்பு வாளியும்

எனக்கு என் மச்சாளில் எரிச்சல். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு சுற்றி வளைக்கத் தேவையில்லை. மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. முப்பது வருடம் கொழும்பில் இருந்தவள், புருஷன் செத்த பிறகு புளியங்கூடலுக்குத் திரும்பி வந்து, எங்கள் வளவிலேயே வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு இருக்கிறாள். வந்து மூன்று வருடம். அவளைக் கெட்டவள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நல்லவள். அதுதான் பெரிய கரைச்சல். கெட்டவள் என்றால் ஒரு சண்டையைப் பிடித்துவிட்டுக் கதைக்காமல் இருந்திருப்பேன்.

அவள் வந்த நாளிலிருந்து என் மகளுக்கு எல்லாம் மாமிதான். மாமி வைத்தால்தான் குழம்பு, மாமி தைத்தால்தான் சட்டை, மாமி பின்னிவிட்டால்தான் தலை. அந்தத் தலையைப் பேன் பார்த்து எண்ணெய் வைத்து வளர்த்தவள் நான். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு கத்திக் களைத்து வீட்டுக்கு வந்தால், இரண்டு பேரும் குசினிக்குள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு நிற்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லமாட்டார்கள். கேட்டால், "அது உங்களுக்கு விளங்காது அம்மா" என்பாள் மகள். என்ன கோதாரி, எனக்கு விளங்காத பகிடி!

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. சீனிக் கச்சான். அது மட்டும் என்னுடையது. நயினாதீவுக் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் குறிகட்டுவானில் படகால் இறங்கிய கையோடு கச்சான், அதுதான் நிலக்கடலை, வாங்கிக்கொண்டு வந்து, வறுத்து, சீனிப்பாகில் போட்டுக் கிண்டி எடுப்பேன். மகள் சின்னவளாய் இருந்தபோது தட்டில் கொட்டி ஆறமுதலே கையை விட்டுச் சுட்டுக்கொண்டு அழுவாள். அழுதுகொண்டே தின்னுவாள். கண்டிப் பக்கம் பல்கலைக்கழகம் கிடைத்துப் போன பிறகு, ஒவ்வொரு லீவு முடியவும் ஒரு பிஸ்கட் பேணி நிறையச் சீனிக் கச்சான் அவளோடு போகும். விடுதி அறையில் அந்தப் பேணி கட்டிலுக்கு மேலே இருக்கும் என்று சொல்லியிருந்தாள். என் கைப்பட்ட ஒன்று அவளுடைய தலைமாட்டில் இருக்கிறது என்பது எனக்குப் போதுமாயிருந்தது.

போன வருட லீவில், அவள் திரும்பிப் போவதற்கு முதல்நாள், நான் கச்சானைப் புடைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அம்மா, மாமியும் ஒருக்காச் செய்யட்டுமன்? போனிலை பாத்தவவாம். வெண்ணெய் போட்டுச் செய்யிற விதம் ஒண்டு இருக்காம்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "செய்யட்டும், ஆர் வேண்டாமெண்டது?" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவளுடைய வீட்டில் காஸ் முடிந்துபோயிருந்தது. ஆகையால் என் குசினியில், என் அடுப்பில், என் தாச்சியில், நான் புடைத்து வைத்த கச்சானில் அவள் செய்ய வந்தாள். நான் என் பங்கை முதலே செய்து பேணியில் போட்டு மூடியிருந்தேன். மச்சாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு சுண்டு கச்சானையும் ஒரு சுண்டு சீனியையும் அளந்து வைத்தாள்.

"மச்சாள், ஒரு அரைச் சுண்டு தண்ணி தாங்கோ."

இந்த இடத்தில் எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கிணற்றில் வருவது உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர். குளிக்கலாம், கழுவலாம், வாயில் வைக்க ஏலாது. குடிக்கிறதும் சமைக்கிறதும் பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீரில்தான். என் குசினியில் நீல வாளி நல்ல தண்ணீருக்கு, சிவப்பு வாளி சவருக்கு. இங்கே இருக்கிற எவளும் ஒரு தண்ணீரைச் சமையலில் ஊற்ற முதல் ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்ப்பாள். தேத்தண்ணீரில் சவர் கலந்தால் பால் திரைந்துவிடும், வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார்கள். ஒரு மனுசருக்குத் தெரிந்துகொண்டு சவர்த் தண்ணீர் கொடுப்பது, வாசலில் நிற்கவைத்துக் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

என் கை சிவப்பு வாளிக்குப் போனது. கை தவறிவிட்டது என்று பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். பொய். நீல வாளி எனக்குக் கிட்ட இருந்தது. சிவப்பு வாளிக்கு நான் இரண்டு எட்டு நடந்தேன்.

முப்பது வருடம் பைப்புத் தண்ணீரில் புழங்கியவள் அல்லவா, நாக்கில் விட்டுப் பார்க்கவில்லை. "தாங்ஸ் மச்சாள்" என்று வாங்கி அப்படியே தாச்சியில் ஊற்றினாள். என் நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் இல்லை, சந்தோசத்தில். இண்டைக்கு இருக்கடி உனக்கு என்று மனதுக்குள் சொன்னேன்.

சீனி கரைந்து கொதித்தது. கச்சானைக் கொட்டிக் கிண்டினாள். பாகு நுரைத்து, இறுகி, அகப்பையைப் பிடித்து இழுத்தது. பிறகு திடீரென்று எல்லாம் வெள்ளை மணலாய்ப் பூத்துக் கச்சானில் ஒட்டிக்கொண்டது. அது அப்படித்தான் வரும். பார்த்தால் பழுதாய்ப் போனது மாதிரி இருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் அந்த இடத்தில்தான் கைவிடுவார்கள். நெருப்பைக் குறைத்து விடாமல் கிண்டினால் அந்த மணல் இரண்டாம் முறை உருகி, பொன்னிறமாகி, கச்சானைச் சுற்றி மினுங்கும்.

"ஐயோ மச்சாள், சீனி கட்டிபட்டுப் போச்சு!" என்று பதறினாள். அவளுடைய கை அடுப்பை அணைக்கப் போனது.

எனக்கு வழி தெரியும். வாயைத் திறக்கவில்லை. யன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். "நூர்க்காதேங்கோ மாமி! இனித்தான் கிண்டவேணும். நெருப்பைக் குறையுங்கோ. அம்மா இப்பிடித்தான் செய்யிறவ." மாமியின் கைக்கு மேலே தன் கையையும் வைத்து இரண்டு பேருமாய்க் கிண்டினார்கள். பத்தொன்பது வருடம் என் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதை என் கண்ணுக்கு முன்னாலேயே தூக்கி அவளுக்குக் கொடுத்தாள்.

ஒரு துண்டு வெண்ணெயும் போட்டு இறக்கினார்கள். எண்ணெய் பூசிய தட்டில் கொட்டி, முள்ளுக்கரண்டியால் பிரித்துவிட்டார்கள். மகள் ஊதி ஊதி ஒன்றை வாயில் போட்டாள். நான் அவளுடைய முகத்தையே பார்த்தேன். இப்போது சுளிப்பாள், இப்போது துப்புவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"உண்ணாணை மாமி, என்ன போட்டனீங்கள்? முதல் இனிப்பு, பிறகு மெல்லிசா ஒரு உப்பு. விட ஏலாமல் கிடக்கு!" இன்னொரு பிடி அள்ளினாள். "அம்மா, இதுதான் கச்சான்!"

நான் இத்தனை வருடம் செய்தது புளியங்கொட்டையோ?

அடுத்த நாள் காலை பையை அடுக்கும்போது, பாரம் கூடிப்போச்சு, ஒரு பேணிதான் வைக்கலாம் என்றாள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். என்னைப் பார்த்தாள். "கொண்டுபோ, எனக்கென்ன?" என்றேன். மாமியின் பேணியை வைத்துப் பையைப் பூட்டினாள். என்னுடைய பேணி மேசையில் இருந்து எறும்பு பிடித்தது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறுதல். மச்சாளுக்குக் காஸ் வந்தது. தன் வீட்டில் செய்தாள். அந்த ருசி வரவில்லை. மறுபடி செய்தாள். வரவில்லை. வேலியில் ஆள் நுழைகிற பொட்டு ஒன்று இருக்கிறது, அதற்குள்ளால் ஒரு கிண்ணத்தை நீட்டுவாள்.

"சாப்பிட்டுப் பாருங்கோ மச்சாள். அண்டைக்கு வந்தது ஏன் வருகுதில்லை? மேலாலை உப்புத் தூவியும் பாத்திட்டன். உப்பு வேறையா நிக்குது, இனிப்பு வேறையா நிக்குது."

"எனக்கென்ன தெரியும்? நீர் வெண்ணெய் போட்டுச் செய்யிற ஆள்" என்பேன். அந்தக் கச்சானை மென்றுகொண்டு நிற்கும்போது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அது வெட்கம்கெட்ட குளிர்ச்சி, தெரியும். இருந்தாலும் குளிர்ந்தது.

இந்த வருடம் மகளுக்குப் பல்கலைக்கழகச் சோதினை வந்தது. லீவுக்கு வர ஏலாது என்றாள். தொலைபேசியில் மாமியின் கச்சான் வேண்டும் என்று சிணுங்கினாள். மாமி தனக்குக் கை வரவில்லை என்று கவலைப்பட்டாளாம். அன்றைக்குப் பின்னேரம் நான் தாச்சியை அடுப்பில் வைத்தேன். சிவப்பு வாளியில் அள்ளினேன். வெண்ணெயும் போட்டேன். இறக்கி ஒன்றை வாயில் போட்டதும் எனக்கே கோபம் வந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது. பேணியை நிரப்பி, கண்டிக்குப் போன எங்கள் பள்ளிக்கூட ரீச்சரிடம் கொடுத்துவிட்டேன். யார் செய்தது என்று எழுதி வைக்கவில்லை. கடித்ததும் அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன். அம்மாவும் இந்த ருசியில் செய்வா என்று தெரியட்டும், அது போதும் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் போன் வந்தது.

"அம்மா, மாமியின்ரை கச்சான் கிடைச்சுது! அதே ருசி! மாமிக்குச் சொல்லுங்கோ."

"அது நான் செய்தது பிள்ளை."

சிரித்தாள். "சும்மா போங்கோ அம்மா. உங்கடை கச்சான் எனக்குத் தெரியாதே? உங்கடையிலை இந்த உப்பு இருக்காது."

ஒரு வசனம் போதும். சிவப்பு வாளி என்று சொன்னால் நம்பியிருப்பாள். ஆனால் அதைச் சொன்னால், அன்றைக்கு மாமிக்கு ஏன் அந்தத் தண்ணீரைக் கொடுத்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். என் பிள்ளை மொக்கு இல்லை.

"ஓம் பிள்ளை, மாமிக்குச் சொல்லுறன்" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மச்சாள் வேலிப் பொட்டுக்குள் நிற்கிறாள். ஸ்பீக்கரில் போட்டுக் கதைக்கிற என் பழக்கம், எல்லாம் கேட்டிருக்கிறது.

"நான் ஒண்டும் அனுப்பேல்லையே மச்சாள்."

அவள் என்னைத் தாண்டிக் குசினி வாசலைப் பார்த்தாள். அங்கே இரண்டு வாளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மூன்று வருடத்தில் அவளும் ஊர்க்காரி ஆகிவிட்டாள் போல.

"எனக்கு நல்ல தண்ணி தர உங்களுக்கு மனம் வரேல்லையோ?" என்று கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"ஓம்" என்றேன்.

அவள் திரும்பிப் போனாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு செம்போடு வந்து, என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் நேரே கிணற்றடிக்குப் போய், அள்ளி, ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கத்தால் பாகு முறுகுகிற மணம் வந்தது. பதம் தப்பாத மணம். இனி ஒவ்வொரு லீவுக்கும் பிள்ளையின் பையில் எந்தப் பேணி போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.